கூந்தல் ஒதுக்கீடு

“எங்க வீட்டுக் கற்றையில இவ மக வந்து பேசுதா. எண்ணெய் எங்களது, சீயக்காய் எங்களது, ரிப்பன் எங்களது, பேசுதது மட்டும் இவ மகளா? எங்க அண்ணன் வீட்டு நிச்சயதார்த்தம் என்னாச்சுன்னு தெரியாம நான் போனைக் கையில வச்சிக்கிட்டு நிக்கேன், இவ மக கனடாவுல இருந்துக்கிட்டு ரசத்துக்குப் புளி எம்புட்டுன்னு கேக்கா. கேக்கதுக்கு ஆளே இல்லையா இந்த வளவுல?”

ஐந்தாம் வீட்டு ஆறுமுகக்கனி என்னைக் காட்டிச் சொன்னதை ஓர் எழுத்து கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன். கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்லும் பழக்கம் கான்வென்டில் வந்தது. அங்கே யார் யாரை என்ன சொன்னார்கள் என்று சிஸ்டரிடம் ஒப்பிக்கும்போது ஒரு சொல் பிசகினாலும் முட்டி போட வேண்டும். நானும் சும்மா நிற்கவில்லை. “சிக்கு விழுந்தா சீப்பை எடுத்துக்கிட்டு வா, தொண்டையை எடுத்துக்கிட்டு வராத” என்றேன். எங்கள் இருவருக்கும் முன்னால், கிணற்றடித் துவைகல்லில், இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு குழல்வாய்மொழி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். சண்டை அவள் தலைமுடிக்காகத்தான். அவளுக்கு அதைப்பற்றி ஓர் அபிப்பிராயமும் இருப்பதாகத் தெரியவில்லை.

வளவு என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தெருவுக்கு ஒரே வாசல், வாசலுக்குள் நீளமாக ஒரு முற்றம், முற்றத்துக்கு இந்தப் பக்கம் நாலு வீடு, அந்தப் பக்கம் நாலு வீடு, நடுவில் கிணறு. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் எட்டு வீட்டிலும் தும்முவார்கள். பாளையங்கோட்டையில் இப்போது இப்படிப்பட்ட வளவுகள் குறைவு, அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை. எங்கள் வளவுக்கு மேற்கே ஒரு துணிக்கடைக்காரர் மாடி மேல் மாடியாகக் கண்ணாடி வைத்துக் கட்டினார். கடைசிக் கண்ணாடியை மாட்டிய அன்று எட்டு வீட்டிலும் போன் செத்தது. வைஃபை பெட்டி வாங்கி வைத்தோம். பச்சை விளக்கு எரிந்தது, அதற்கு மேல் அது ஒன்றும் செய்யவில்லை. போன் கம்பெனிப் பையன் வந்து முற்றத்தில் நின்று வானத்துக்கு ஆரத்தி எடுப்பதுபோலப் போனைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான், என் கையால் காப்பி குடித்தான், டவர் இல்லை என்று எங்களுக்கே சொல்லிவிட்டுப் போனான். காரணத்தைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்தது.

அதற்கப்புறம் வந்த ஒரு வெள்ளிக்கிழமை, எட்டாம் வீட்டுக் குழல்வாய்மொழி எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளித்து, துவைகல்லில் வெயிலுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, ஈரத் துண்டை உருவி, முடியை அவிழ்த்துவிட்டாள். விட்டதுதான் தாமதம், அடுப்படியில், அலமாரியில், மெத்தைக்கடியில், மாவு டப்பாவுக்குப் பின்னால் செத்துக் கிடந்த போன்கள் எல்லாம் கோயில் மணிபோல ஒரே நேரத்தில் அடித்தன. வெளிநாட்டு மகள்கள் பேசினார்கள், உள்ளூர்க் கடன்காரர்கள் பேசினார்கள், லோன் வேண்டுமா என்று ஒருத்தி எல்லோரிடமும் பேசினாள். அவள் முடியைக் கோதிக் கொண்டை போட்டதும் எல்லாம் அடங்கியது. மறுபடி அவிழ்த்தாள், மறுபடி அடித்தது. “ஓ, இதுலதான் வருதா” என்றாள் ஆறுமுகக்கனி. மோட்டார் எந்த சுவிட்சில் ஓடுகிறது என்று கண்டுபிடித்ததைப் போலத்தான் சொன்னாள். வளவில் ஒருவரும் அதற்கு மேல் வாயைப் பிளக்கவில்லை.

நான் மட்டும் உள்ளே போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். எனக்குப் பிரசவத்தோடு போனது முடி. தேங்காய் எண்ணெய், கரிசலாங்கண்ணி, வெங்காயச் சாறு என்று தலையில் ஒரு சமையல்கட்டே நடத்தியும் மிஞ்சியது எலிவால். அவளுக்கோ முழங்காலைத் தொட்டுக்கொண்டு, அலை அலையாக, ஒரு கையால் அள்ளினால் அடங்காமல் வழிந்து, அது முடி இல்லை, அநியாயம். இத்தனை நாளும் அது கண்ணுக்கு மட்டும்தான் உறுத்தியது. இப்போது உபயோகத்துக்கும் வந்துவிட்டது.

ஆரம்பத்தில் முறைவாசல் கணக்கில் பங்கு போட்டோம். வாசல் தெளித்துக் கோலம் போட இன்று உன் வீடு, நாளை என் வீடு என்று முறை வைப்போமே, அதேபோல இந்த நேரம் இந்த வீடு, அடுத்த நேரம் அடுத்த வீடு. அது சரிப்படவில்லை. வாசல் நாம் தெளிக்கும்வரை காத்திருக்கும், போன் காத்திருக்காது. என் மகள் அழைக்கும் நேரத்தில் டெய்லர் மரியசிலுவை தன் முறையை உபயோகித்துக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில், ஆனால் கலந்துவிடாமல் இருக்க ஆளுக்கொரு மாதிரிப் பேசிப் பார்த்தோம். டெய்லர் கீச்சுக்குரலில், ஆறுமுகக்கனி ஒப்பாரி ராகத்தில், நான் இங்கிலீஷில். இங்கிலீஷோடு யாருடையதும் கலக்காது என்று நினைத்தேன். அது நேராகப் போய் லோன்காரியோடு கலந்தது.

முதல் வீட்டு நல்லபெருமாள் அண்ணாச்சி சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர்தான் ஒரு நாள் பேப்பரைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்.

“போட்டிருக்கான் பாருங்க. அலைக்கற்றை ஒதுக்கீடு. அலைக்கற்றை ஏலம். நாமதான் புதுசுன்னு நினைச்சோம், கவர்மென்ட்டுக்கே தெரிஞ்ச விஷயம்.” குழல்வாய்மொழியின் முதுகைக் காட்டினார். “அலை அலையா இருக்கா? கற்றை கற்றையா இருக்கா? வேற என்னத்தச் சொல்லுதான்? கற்றை கற்றையாப் பிரிச்சு வீட்டுக்கொண்ணா ஒதுக்கணுமாம்.”

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. “அண்ணாச்சி, அதுக்கு இங்கிலீஷ்ல ஸ்பெக்ட்ரம்னு பேரு. காத்துல போற அலை. தலைமுடியில்ல.”

“சரி மதினி” என்றாள் ஆறுமுகக்கனி. “உங்க ஸ்பெக்ட்ரம்ல ஒரு பாயிண்ட்டாவது டவர் வருதான்னு பாத்துச் சொல்லுங்க, நாங்க இங்க இருக்கோம்.”

முற்றமே சிரித்தது. குழல்வாய்மொழியின் முதுகும் குலுங்கியது. அதை நான் மறக்கவில்லை.

அண்ணாச்சி பழைய நாடாவை வைத்து அளந்து, உச்சியில் வகிடு எடுத்து, கோணச் சீப்பால் பிரித்து, ஏழு வீட்டுக்கு ஏழு கற்றை ஒதுக்கினார். எட்டாம் வீட்டுக்கு எங்கே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். “அவளுக்கு எதுக்குத் தனியா? அவ தலையிலதான இருக்கு” என்றார் அண்ணாச்சி. நியாயமாகத்தான் பட்டது. ஒவ்வொரு கற்றையின் நுனியிலும் அந்தந்த வீட்டு ரிப்பன், சிவப்பு, மஞ்சள், டெய்லர் வெட்டிய ஜாக்கெட்டில் மிஞ்சிய கிளிப்பச்சை, எனக்கு மட்டும் கான்வென்டில் நான் மடித்துக் கட்டிய கருநீலம். ரிப்பனின் மறுமுனை முற்றத்தைக் கடந்து அவரவர் ஜன்னல் கம்பியில். துவைகல்லில் அவள், அவளிலிருந்து ஏழு திசைக்கு ஏழு ரிப்பன். துணி காயப்போடப் போனால் குனிந்து குனிந்துதான் போக வேண்டும், போனோம். ஆண்கள் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் குனிந்து வந்து, வைத்து, குனிந்து போனார்கள். இது என்ன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, அவர்கள் வீட்டிலும் ஏதாவது இருந்திருக்கும்.

பிறகு கவனிப்பு ஆரம்பித்தது. அவரவர் கற்றைக்கு அவரவர் எண்ணெய். ஐந்தாம் வீட்டுக் கற்றைக்கு மல்லிகை எண்ணெய், டெய்லர் வீட்டுக்கு நல்லெண்ணெய், அண்ணாச்சி வீட்டில் செம்பருத்தியை அரைத்து அப்பினார்கள். நான் ஒருவருக்கும் தெரியாமல் பாதாம் எண்ணெய் வாங்கினேன். என் தலையில் ஒரு சொட்டு வைத்ததில்லை. இவள் தலையில் என் கையாலேயே வேர்க்காலில் இருந்து நுனிவரை தேய்த்தேன், தேய்க்கும்போதெல்லாம் அந்தக் கனம் என் உள்ளங்கையில் வந்து உட்காரும், வயிறு எரியும், இன்னும் கொஞ்சம் தேய்ப்பேன்.

என் மகள் சிந்துஜா, சாயங்கால வெயில் முற்றத்தில் இருக்கும்போது கூப்பிடுவாள். அங்கே அது காலை. வீடியோவில் என் முகத்துக்குப் பின்னால் வாசல் தெரியும், வாசலுக்கு அப்பால் குழல்வாய்மொழியின் முதுகு தெரியும். குழல்வாய்மொழி வளவுக்குக் குடிவந்தது இவள் கனடா போன பிறகு. முதல் வாரத்தில் “அது யாரும்மா?” என்றாள். அடுத்த வாரத்தில் “குழலி அத்தை எப்படி இருக்காங்க?” என்றாள். அதற்கடுத்து, “அம்மா, போனைக் கொஞ்சம் அத்தை பக்கம் திருப்புங்களேன்.” திருப்பினேன். குக்கரை அணைத்துவிட்டு வருவதற்குள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னவென்று கேட்டேன். “ஒண்ணுமில்லம்மா” என்றாள் என் மகள். அந்த ஒண்ணுமில்லையை நான் பெற்றேன், வளர்த்தேன், ஃபீஸ் கட்டிக் கான்வென்டில் போட்டேன், விமானம் ஏற்றினேன். சிரிப்பு மட்டும் எட்டாம் வீட்டுக்கு.

போகட்டும் என்று விட்டிருப்பேன். ஒரு காலையில் நான் பாதாம் எண்ணெயோடு போய் நின்றபோது, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “மதினி, உங்க கற்றை இன்னைக்கு ஒரு மாதிரிக் கனக்கு. நம்ம சிந்துஜா உண்டாயிருக்கா.”

யார் பேசினாலும் அது முதலில் அவள் வேர்க்காலில்தான் கேட்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. எழுதும்முன், அழைக்கும்முன், சொல்லலாமா வேண்டாமா என்று என் மகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்ததுகூட அவளுக்கு எட்டியிருக்கிறது. இத்தனை நாளும் ஏழு வீட்டு ரகசியமும் அந்தத் தலைக்குள் இருந்திருக்கிறது. ஒன்றையும் அவள் வெளியே விட்டதில்லை. என்னிடம் மட்டும், நல்ல சேதி என்பதால், தாங்காமல் சொல்லிவிட்டாள். “சும்மா வாயை வச்சிக்கிட்டு இரு” என்றேன். சாயங்காலம் சிந்துஜா சொன்னபோது புதிதாகக் கேட்பவள்போல அழுதேன். அழுகை நிஜம்தான், ஆனால் இரண்டாம் கை. பெற்றவள் முதலில் கேட்க வேண்டியதை எட்டாம் வீட்டுக்காரி கேட்டுவிட்டு, கழுவித் துடைத்து என்னிடம் கொடுத்திருந்தாள். அதிலும் அந்த ‘நம்ம’.

அன்றைக்கே முடிவு செய்தேன். பிள்ளை பிறக்கும்போது முதல் அழுகையை நான்தான் கேட்க வேண்டும். விசா கிடைக்கவில்லை, நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. காதால் கேட்கவாவது வேண்டும். அது எனக்கு வரவேண்டியது. மற்றதெல்லாம் யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும்.

ஆறுமுகக்கனி கத்தியது இந்த மசக்கைச் சமயத்தில்தான். காற்றடித்து இரண்டு கற்றை பின்னிக்கொண்டு, சிந்துஜா ரசத்துக்குப் புளி கேட்டது ஐந்தாம் வீட்டில் போய் விழுந்தது. நான் சீப்பை எடுத்துவரச் சொன்னேன், அவள் தொண்டையைவிட்டு இறங்கவில்லை. ஆற்றாமையில் அவளே குழல்வாய்மொழியின் பக்கம் திரும்பி, “ஏட்டி, நீயாவது வாயைத் திறயேன். நாங்க ஆளுக்கொரு பக்கம் இழுக்கோம், வலிக்கலையா உனக்கு? என்னத்துக்குத்தான் இந்த வெயில்ல உக்காந்திருக்க?” என்றாள்.

குழல்வாய்மொழி கீரைக் காம்பைக் கீழே போட்டாள். “அவரு போன் போட்டா இதுல ஒண்ணுலதான மதினி வரணும்.”

அவளுடைய அவர் சங்கரபாண்டி. கப்பல் வேலைக்கு என்று மஸ்கட்டுக்குப் போனவர், போன புதிதில் பேசினார், பிறகு இல்லை. அவரைப் பற்றி அவளிடம் யாரும் கேட்பதில்லை, மரியாதைக்காக என்று சொல்லிக்கொள்வோம்.

“அவரு குரலை ஒரே ஒரு தடவை கேட்டுட்டா, திருச்செந்தூர்ல வந்து மொத்த முடியையும் இறக்கிருதேன்னு முருகன்ட்ட வேண்டியிருக்கேன்” என்றாள். “அதான் உக்காந்திருக்கேன்.”

அதுவரை எதிரும் புதிருமாக நின்ற ஆறுமுகக்கனியும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். அந்தப் பார்வையிலேயே அக்கா தங்கை ஆகிவிட்டோம். “சிக்குதான மதினி, இந்தா பிரிச்சிருதேன்” என்று அவள் சீப்பு எடுக்கப் போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் கூடிப் பேசி ஏற்பாடு செய்யவில்லை. ஏழு வீட்டிலும் போன் ஓயாமல் ஓடத் தொடங்கியது, அவ்வளவுதான். காது குத்தில் சண்டை போட்டு முகம் பார்க்காமல் இருந்த நாத்தனாரை ஆறுமுகக்கனி தினமும் கூப்பிட்டு நலம் விசாரித்தாள்; அண்ணாச்சி மழை வருமா என்று ஊர் ஊராகக் கேட்டார், வந்த ஊர்களில் எவ்வளவு வந்தது என்று கேட்டார்; டெய்லர் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு மிஷின் மிதிக்கப் போய்விடுவார், பாட்டு முடிந்தால் அவர் மனைவி மறுபடி போடுவாள்; நான் சிந்துஜாவை, “அம்மா, மீட்டிங்ல இருக்கேன்” என்று அவள் பல்லைக் கடிக்கும்வரை கூப்பிட்டேன், அவள் தூங்கும் நேரத்தில் கஸ்டமர் கேருக்குப் போட்டு, தங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒருத்தி சொல்லிக்கொண்டே இருக்க, போனை ஸ்டூலில் வைத்துவிட்டு அரிசி களைந்தேன். வெயில் முற்றத்தில் இருக்கும்வரை ஒரு கற்றைகூடச் சும்மா இருக்காது. மஸ்கட்டில் இருந்து யார் போட்டாலும் தாங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார். குழல்வாய்மொழிக்குத் தலைவலி வந்தது. எல்லோரும் சேர்ந்து தைலம் வாங்கிக் கொடுத்தோம்.

“பாவம், அந்தப் பிள்ள. ஒரு மணி நேரம் எல்லாரும் போனைக் கீழ வச்சா என்ன?” என்றார் என் வீட்டுக்காரர்.

“முதல்ல அஞ்சாம் வீடு வைக்கட்டும்” என்றேன்.

ஐந்தாம் வீட்டிலும் அதே பேச்சு நடந்ததாகவும், மூன்றாம் வீடு வைக்கட்டும் என்று அவள் சொன்னதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். மூன்றாம் வீடு எங்களுடையது.

குழல்வாய்மொழிக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? தலை அவளுடையது. சிந்துஜாவுக்கு மாதம் நெருங்கிய சமயம், எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டாள். “மதினி, நாளைக்கு ஒரு நேரம் உங்க கற்றையை மட்டும் சும்மா விடுதியளா? மத்தவங்ககிட்ட நான் கேக்கல. நீங்க படிச்சவங்க.”

எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, குக்கர் விசில் அடிக்கிறது என்று உள்ளே போனேன். அடுப்பில் குக்கரே இல்லை.

சிந்துஜாவுக்கு வலி எடுத்தது ஒரு சாயங்காலம், எங்கள் முற்றத்தில் வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தபோது. மருமகன் ஆஸ்பத்திரியில் இருந்து கூப்பிட்டார். நான் வாசற்படியில் போனோடு உட்கார்ந்தேன். கருநீல ரிப்பன் என் தலைக்கு மேல் விறைப்பாக ஓடியது. ரிப்பனை அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொண்டேன். போனில் நர்ஸ் ஏதோ சொல்வதும், சிந்துஜா “அம்மா” என்பதும், அது என்னையா வெறும் வலியா என்று தெரியாமல் நான் “இருக்கேன், இருக்கேன்” என்பதும் வளவு முழுக்கக் கேட்டது.

அப்போது எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஆறுமுகக்கனி நாத்தனாரிடம் “அப்புறம் பேசுதேன், கான்வென்ட்டு மதினி மகளுக்குப் பிரசவம், சிக்கு விழுந்திரக் கூடாது” என்று சொல்லிப் போனை வைத்தாள். டெய்லர் பாட்டை நிறுத்தினார். அண்ணாச்சி மழையை அந்தந்த ஊரில் விட்டுவிட்டார். ஒவ்வொரு வீடாக, எனக்காக, என் மகளுக்காக, ஆறு வீடும் அமைதியானது. அத்தனை காலத்தில் முதல் தடவையாக ஆறு கற்றை காலி. எனக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண் காய்வதற்குள் ஆறு வீட்டுப் போனும் ஒன்றாக அடித்தன.

யாரும் எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் இருக்கவில்லை. குழல்வாய்மொழி துவைகல்லில் இருந்து எழுந்து நின்றாள்.

அவள் எழுந்த வேகத்தில் ஜன்னல் கம்பிகளில் கட்டியிருந்த ரிப்பன்கள் ஒவ்வொன்றாக அறுந்தன, சிவப்பு, மஞ்சள், கிளிப்பச்சை. கருநீலம் கான்வென்ட் ரிப்பன், நல்ல சரக்கு, கடைசிவரை தாங்கியது. “ஹெட் தெரியுது, ஆன்ட்டி” என்றார் மருமகன். “ஏட்டி குழலி, உக்காருட்டி!” என்று கத்தினேன். கருநீலமும் அறுந்தது. என் போனில் சத்தம் நின்றது.

முற்றத்து நடுவில் அவள் நின்றாள். இடது பக்கத்து முடியை அள்ளி இடது காதோடு சேர்த்துப் பிடித்தாள், வலது பக்கத்தில் என் கற்றையை, நுனியில் கருநீலத் துண்டு தொங்க, வலது காதோடு சேர்த்துப் பிடித்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். இடது பக்கம் அவள் உதடு ஏதோ சொன்னது. பிறகு அவள் முகம் முழுக்க வலது பக்கமாகச் சாய்ந்தது. என்னிடம் வரவேண்டியதை எல்லாம் அந்த முகத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பொம்பளைப் பிள்ள, மதினி” என்றாள். “எப்படி அழுதா தெரியுமா!”

சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் முடியை வாரி முறுக்கிக் கொண்டை போட்டாள். அவர் என்ன சொன்னார் என்று ஆறுமுகக்கனி கேட்டதற்கு, “இருக்காரு” என்றாள். நான் வாசற்படியில் செத்த போனோடு உட்கார்ந்திருந்தேன். எனக்காகப் போனை வைத்தார்களாம்.

திருச்செந்தூருக்கு வேன் பிடித்து வளவே அவளோடு போயிற்று. வழியெல்லாம் கெஞ்சல். “பொம்பளைங்க பூமுடி குடுத்தாப் போதும் குழலி, நுனியில மூணு விரல் அகலம், சாமி ஒண்ணும் கோவிக்காது.” “அவரு பேசுனது ஒரு தடவதான, அரைவாசி குடு.” “உன் முடிதான், ஆனா ஒதுக்கீடு எங்களுதுல்லா?” இது அண்ணாச்சி. அவள் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மொட்டை போடுபவர், “பூமுடியாம்மா?” என்றார். “மொத்தமும்” என்றாள். அங்கே கடற்கரையில் எல்லோர் போனிலும் டவர் நிரம்பி வழிந்தது. அவள் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த நேரத்தில் என் போனில் பேத்தியின் படங்கள் வரிசையாக வந்து இறங்கின. எல்லாவற்றிலும் தொப்பி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். முதல் அழுகையை ரெக்கார்ட் பண்ணவில்லையா என்று மருமகனைக் கேட்டேன். அவருக்கு அது தோன்றவே இல்லையாம். “இப்பவும் அழுவா ஆன்ட்டி, அனுப்புறேன்” என்று அனுப்பினார். அது பசிக்கு அழுவது. எந்தப் பிள்ளையும் அழும்.

விழுந்த முடியைக் கூடையில் அள்ளியபோது அண்ணாச்சி பாய்ந்தார். “நில்லுங்க, நில்லுங்க, அது எங்க ஏழு வீட்டுக்கு ஒதுக்குன கற்றை.”

“ஏலம் எடுத்தவங்ககிட்டப் போய்க் கேளுங்க ஐயா” என்று கூடைக்காரர் நடையைக் கட்டினார்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். இழவு வீட்டிலும் ஜெயித்த முகம். “ஏலம்னு பேப்பர்ல போட்டது சரிதான மதினி? ஸ்பெக்ட்ரம்னிய.”

திரும்பி வந்த மறுநாள் அவள் பழையபடி துவைகல்லில் உட்கார்ந்திருந்தாள், பழையபடி முதுகைக் காட்டிக்கொண்டு, மடியில் முருங்கைக்கீரை. தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. மொட்டையும் அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. மண்டை வடிவம் அப்படி, அதுவும் ஓர் அநியாயம். முற்றத்தில் ரிப்பன்கள் இல்லை, நிமிர்ந்து நடக்கலாம், ஆனாலும் எல்லோரும் குனிந்தே நடந்தோம். ஏழு வீட்டிலும் ஒரு போன் சத்தம் இல்லை. அவரவர் வாசலில் அவரவர் நின்றார்கள், ஆறுமுகக்கனியும் நின்றாள். நான் போய் அவள் காலடியில், தரையில் உட்கார்ந்து, கீரையில் ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தேன். என்னைப் பெற்றவளுக்குக்கூட நான் கீரை உருவிக் கொடுத்ததில்லை.

“குழலி” என்றேன். “அவ எப்படி அழுதா?”

அவள் அடுத்த கொத்தை எடுத்தாள். காம்பு ஒரு பக்கம், இலை ஒரு பக்கம்.

“பெருசாவா? விட்டு விட்டா? கீச்சுன்னா? சிந்துஜா பிறந்தப்ப மூச்சை இழுத்து, கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் அழுதா. இவ யோசிச்சாளா?”

முற்றத்தில் வெயில் நகர்ந்து அவள் தலைச் சந்தனத்தில் ஏறியது.

“உன்ட்ட இருக்குல்லா அது. வேற யார்ட்டயும் இல்ல. ஒரே ஒரு தடவை, எனக்கு மட்டும் கேக்குத மாதிரி, மெதுவா அழுது காட்டுட்டி.”